தம்பி முகத்துக்கு அண்ணன் போட்ட நிழல்

எங்கள் வீட்டில் ஒரு முகத்தை முடிக்க மூன்று பேர் வேண்டும். கண், மூக்கு, வாய், காது எல்லாம் என் வீட்டுக்காரர் போடுவார். கன்னத்துக்குக் கீழே, கழுத்துக்குப் பின்னால், தலைமுடிக்குள், பின்பக்கச் சுவரில் என்று நிழல் விழுகிற இடமெல்லாம் கோடு கோடாக இழுப்பது அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன். இருவரும் கீறி முடித்த செப்புத் தகட்டை ஆசிட்டில் போட்டு எடுத்து, மை தடவி, பிரஸ்ஸில் ஏற்றிச் சக்கரம் சுற்றி, தாளில் முகத்தை வரவழைப்பது நான். வாசல் பலகையில் என் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பலகை சின்னதாம். மூன்று பேர் அதில் அடங்க மாட்டோமாம்.

இந்தத் தொழிலைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்புத் தகட்டில் மெழுகைப் பூசி, அதன்மேல் ஊசியால் கீற வேண்டும். கீறிய இடத்தில் மெழுகு விலகிச் செம்பு எட்டிப் பார்க்கும். ஆசிட் அந்த இடத்தை மட்டும் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மை போய் உட்காரும். ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தினால் மை தாளுக்கு வந்துவிடும். தாளில் எல்லாம் இடம் வலமாக மாறித்தான் விழும். அதனால் என் வீட்டுக்காரர் முதலில் பென்சிலால் தாளில் வரைந்து, அதைத் திருப்பிப் போட்டுத் தகட்டில் பிரதி எடுத்துக்கொள்வார். இந்த விஷயத்தில் அவர் புலி. மச்சம் கன்னம் மாறி விழுந்துவிட்டது என்று ஒருவரும் எங்களைத் திட்டியதில்லை.

தூரிகை, சாயம், தேய்ப்பு எதுவும் இதில் கிடையாது. கன்னம் உருண்டையாகத் தெரிய வேண்டுமென்றால் கோடு. கண்ணுக்குக் கீழே களைப்புத் தெரிய வேண்டுமென்றால் அதற்கும் கோடு. நெருக்கிப் போட்டால் இருட்டு, விலக்கிப் போட்டால் வெளிச்சம். இருப்பது அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் ஊரில் உள்ளவர்களின் கர்வம், பயம், கபடம் எல்லாவற்றையும் நாங்கள் தாளில் இறக்கிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிட்டது என்று நடிக்க எனக்கு வராது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னை ஒரு படம் போட்டார். கொழுந்தன் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். முகம், நிழல் எல்லாம் இவரே. ஜன்னலோரம் முக்காலியில் என்னை உட்கார வைத்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புதுப் பெண்டாட்டியை ஒருவர் இப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். படம் வந்தது. இழவு வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி ஒருத்தி தாளில் இருந்தாள். மூக்கு என்னுடையது, உதடு என்னுடையது, துக்கம் யாருடையது என்று தெரியவில்லை. என் அம்மா பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப்போய், "உன்னை இங்க நல்லா வச்சிருக்காங்களாடி?" என்று கேட்டாள்.

நான் அவரிடம் கேட்டேன். "நான் இப்படியா இருக்கேன்?"

"நான் பாத்ததத்தான் போட்டேன்," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. சண்டை வரும்போதெல்லாம் எடுத்து வீசுவேன். படத்தைச் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். கதவைத் திறந்தால் அவள் மறைந்துவிடுவாள். அது போதும் எனக்கு.

அதன் பிறகு கொழுந்தன் படிப்பு வேண்டாம் என்று வந்து சேர்ந்தான். நிழல் வேலை அவன் கைக்குப் போயிற்று. அவனுக்கு இடது கைப் பழக்கம். வீட்டில் செல்லமாகப் பீச்சாங்கை என்போம். அவன் வந்ததிலிருந்து எங்கள் படங்களுக்கு நல்ல பெயர். எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் தாளில் வந்தால் கொஞ்சம் மலர்ந்துவிடும். பெண்டாட்டியோடு பேச்சை நிறுத்திவிட்ட மனிதர்கள்கூடத் தங்கள் படத்தைப் பார்த்து, தாங்கள் அப்படியொன்றும் மோசமில்லை என்ற முடிவுக்கு வந்து வீடு திரும்புவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பேராசிரியர் தன் படத்தை வாங்க வந்து, கையில் வைத்துக்கொண்டு உச்சி குளிர்ந்துபோய் நின்றார். "இந்த நிழல் இருக்கு பாருங்க, இதுதான் முகத்தையே தூக்கிக் குடுக்குது. யார் போட்டது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "முகம் என்னுதுங்க. தம்பி சும்மா பீச்சாங்கையால கோடு நிரப்புவான்," என்றார்.

கொழுந்தன் பக்கத்து மேஜையில்தான் இருந்தான். ஊசியைக் கீழே வைத்தான். சத்தமே வராமல் வைத்தான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நிரப்புறேனா?"

"பின்ன என்னடா, வேற எப்படிச் சொல்றது?"

"இனிமே நீங்களே நிரப்பிக்கங்க அண்ணா."

மாடிக்குப் போனவன் இறங்கி வரவில்லை. அதாவது சாப்பாட்டுக்கு வருவான், வெளியே போவான், வேலை மேஜைக்கு மட்டும் வரமாட்டான். அண்ணனைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். இவரும் லேசுப்பட்டவரா? சுவரே பேசட்டும் என்று இருந்தார். நடுவில் நான், இரண்டு பக்கத்துக்கும் தபால்காரி.

கொழுந்தன் வெளியே போவது ஒரே இடத்துக்குத்தான். எங்கள் தெருமுனை தாண்டி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அதன் சொந்தக்காரி, கண் சோதிப்பவள், கண்ணாடி பொருத்துபவள் எல்லாம் ஒரே ஆள். போன வருடம் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வாங்கப் போனவன், ஃப்ரேம் காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று திரும்பத் திரும்பப் போனான். உலகத்தில் எந்தக் காதும் அவ்வளவு உறுத்தாது. அவளுக்கும் அது தெரியும். ஒவ்வொரு தடவையும் ஃப்ரேமை வாங்கி, ஒன்றும் செய்யாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவன், கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவன், அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது எனக்கு வாயெல்லாம் பல். தேதியும் குறித்தாயிற்று.

அவளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி, கடைசி நேரத்தில் அந்த ஆள், "அம்மா கட்டாயத்துக்காகத்தான் சரின்னேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்னொரு தடவை அப்படி நடந்தால் தாங்க மாட்டேன் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. தம்பி கல்யாணத்துக்குத் தம்பி முகத்தையே போட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பது. முகம், நிழல் இரண்டும் தானே போடுவது. இதில் பாதி பாசம், பாதி வீம்பு. நிரப்புவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே. தம்பி எதிரில் வந்து உட்கார மாட்டான் என்பதால், அவன் மாடிப்படியில் டீ குடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கீழேயிருந்து திருட்டுத்தனமாக வரைந்தார். அந்தப் பென்சில் படத்தை நான் பார்த்தேன். அச்சு அசல் அவனேதான், அவளிடமிருந்து செய்தி வரும்போது அவன் முகத்தில் வரும் அந்த அசட்டு வெளிச்சத்தோடு. பரவாயில்லையே மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன்.

அதுதான் நான் செய்த தப்பு. நான் இல்லாத நேரம் பார்த்து இவரே தகட்டை ஆசிட்டில் போட்டு, இவரே அச்செடுத்து, சட்டமும் போட்டு, நேரே கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஈரம் காய்ந்ததும் ஒருமுறை தள்ளி நின்று பார்ப்பது வழக்கம். சந்தோஷத்தில் அதையும் செய்யவில்லை.

நான் திரும்பி வந்தபோது கொழுந்தன் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, அவ கல்யாணத்தத் தள்ளி வைக்கலாம்னு சொல்லிட்டா."

"ஏன்டா? என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல. அண்ணன் படத்தப் பாத்துட்டு, உங்களுக்கு இதுல இஷ்டமில்லையான்னு கேட்டா. இஷ்டம்னு சொன்னேன். படத்தப் பாத்தா அப்படித் தெரியலையேன்னா."

உள்ளே போனேன். இன்னொரு பிரதி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கண் அவனுடையது. மூக்கு அவனுடையது. உதட்டில் சிரிப்பும் இருந்தது, அவனுடைய சிரிப்புத்தான். ஆனால் மொத்தமாகப் பார்த்தால், தூக்குமேடைக்குப் போகிறவனைப் போட்டோக்காரர் நிறுத்திக் கொஞ்சம் சிரிங்க சார் என்று சொன்னது போல இருந்தது.

"என்னங்க இது?"

"என்ன? சிரிச்சுட்டுத்தானே இருக்கான்? உதட்டப் பாரு!"

"உதடு சிரிக்குது. ஆள் அழுறாரு."

பென்சில் படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதே கண், அதே உதடு. அது சிரித்தது. இது அழுதது. அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. சிரிப்புப் போதவில்லை என்று தகட்டை மறுபடி மெழுகி, உதட்டோரத்தை இன்னும் மேலே தூக்கினார். அச்செடுத்தேன். வயிற்றுவலியை மறைத்துக்கொண்டு விருந்தாளியை வரவேற்கும் ஆள் வந்தார். சரி, பல் தெரியட்டும் என்று பல் வைத்தார். அதை நான் விவரிக்கப் போவதில்லை. தபால் கொடுக்க வந்தவர் பார்த்துவிட்டு, "இவரப் போலீஸ்ல தேடுறாங்களா?" என்று கேட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்குள் கொழுந்தனுக்குத் தன்மீதே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தன் மனசின் அடியில் பயம் இருந்து, அது அண்ணனுக்கு மட்டும் தெரிந்துவிட்டதோ என்று என்னிடமே கேட்டான். பிறகு சந்தோஷமாக இருப்பதை நிரூபிக்கக் கிளம்பினான். கடைக்குப் போய் உட்கார்ந்து இளித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவள், "எதுக்கு இப்படிப் பல்லக் காட்டுறீங்க? பயமாயிருக்கு," என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இனிமேல் இவர்களை நம்பினால் தேதி போய்விடும் என்று நானே கடைக்குப் போனேன்.

கடையில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத இடம் கிடையாது. சுவரில் நீளக் கண்ணாடி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒன்று, ஃப்ரேம் மாட்டிப் பார்க்க மேஜையில் சின்னச் சின்னதாக நாலைந்து. ஒரு பெரியவர் ஓர் ஃப்ரேமை மாட்டிக்கொண்டு எல்லாவற்றிலும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை அவள் கல்லாவில் சாய்த்து வைத்திருந்தாள். முகம் வாடியிருந்தது. படத்தைவிட அவள் வாட்டம் பரவாயில்லை.

"அக்கா, நான் கோவத்துல சொல்லல," என்றாள். "எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனா கூடப் பொறந்த அண்ணன், பொறந்ததுலேருந்து பாத்த முகம். அவரு கண்ணுக்குத் தெரிஞ்சத நான் எப்படி இல்லேன்னு சொல்ல? வாயால சொன்னத நம்பி நான் ஏற்கெனவே ஒரு தடவ ஏமாந்துட்டேன்."

"அவர் கண்ண ரொம்ப நம்பாதம்மா. என்னையும்தான் ஒரு தடவ போட்டாரு. பாத்தா நீ அழுதுடுவ."

"அப்ப நீங்க சந்தோஷமா இருந்தீங்களா அக்கா?"

"இருந்தேன்," என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அதை யாரிடமும் சொன்னதில்லை என்று உறைத்தது. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. இந்தச் சனியன் பிடித்த படம் இங்கே இருந்தால்தானே இவ்வளவும் என்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

எதிர்ச் சுவரின் நீளக் கண்ணாடியில் நான் தெரிந்தேன். என் கையில் கொழுந்தன் சிரித்துக்கொண்டிருந்தான்.

உதட்டில் மட்டும் இல்லை. கன்னம் சிரித்தது, கண் சிரித்தது, நெற்றிகூடச் சிரித்தது. வகிடு பக்கம் மாறியிருந்தது, ஆனால் அவனேதான். மாடிப்படியில் போனைப் பார்க்கிற அவனேதான்.

"நில்லுங்க அக்கா!" அவளும் பார்த்துவிட்டாள். ஓடி வந்து என் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். அழுதான். கண்ணாடியைப் பார்த்தாள். சிரித்தான். மறுபடி படம், மறுபடி கண்ணாடி.

ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் வந்துவிட்டார். "நேர்ல அழுறாரு, கண்ணாடில சிரிக்கிறாரு. ரெட்டையாப் பொறந்தவங்களா?" என்றார். நாங்கள் பதில் சொல்லாததால், தான் போட்டிருக்கும் கண்ணாடியில்தான் கோளாறு என்று கழற்றிவிட்டார்.

அவள் தொழில்காரி. கோடுகளை வரிசையாகக் காட்டி, எந்தப் பக்கக் கோடு மங்கலாகத் தெரிகிறது என்று தினமும் பத்துப் பேரைக் கேட்கிறவள். படத்துக்குக் கிட்டப் போய், முகத்தை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் பார்த்தாள்.

"அக்கா, நாம எதையும் இடது பக்கத்துலேருந்துதானே பாத்துட்டுப் போவோம், படிக்கிற மாதிரி? இதுல நிழல் கோடு மொத்தமும் இடது மேலேருந்து வலது கீழ இறங்குது. கன்னத்துல, நெத்தியில, பின்னாடி சுவத்துல, எல்லாமே. கண்ணும் அதோட சறுக்கிட்டே போகுது. அப்புறம் உதடு தனியாச் சிரிச்சு என்ன பண்ணும்? கண்ணாடில பாருங்க, அதே கோடு மேல ஏறுது."

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. காற்றிலேயே கையை வீசிப் பார்த்தேன். வலது கைக்காரர் யார் சும்மா கோடு இழுத்தாலும் கை கீழே இடதிலிருந்து மேலே வலதுக்கு ஏறும். மணிக்கட்டு அப்படித்தான் திரும்பும். என் வீட்டுக்காரர் பென்சிலிலும் அப்படித்தான், தகட்டிலும் அப்படித்தான் இழுத்திருக்கிறார். தகட்டில் ஏறிய கோடு தாளில் திரும்பி விழுந்து இறங்குகோடாகிவிட்டது. மூக்கையும் மச்சத்தையும் திருப்பிப் போட்டு வரைந்த புலி, கோட்டைத் திருப்ப மறந்துவிட்டது. கொழுந்தனோ பீச்சாங்கை. அவன் கை தகட்டில் எதிர்ப்பக்கம் சாயும். தாளில் வரும்போது எல்லாம் மேலே ஏறும். இத்தனை வருடமாக ஊரிலுள்ள சிடுமூஞ்சிகளை எல்லாம் மலர வைத்தது அந்தக் கைதான். அவனுக்கே தெரியாது.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இது அவரு மனசு இல்லையா?"

"அவன் மனசு இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் மணிக்கட்டு."

சிரித்துவிட்டாள். ஆனால் உடனே, "அக்கா, தப்பா நினைக்காதீங்க," என்றாள். "புத்திக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா கண்ண மூடினா இந்த மூஞ்சிதான் வருது. கண்ணாடில பாத்துட்டே நான் குடும்பம் நடத்த முடியாதில்ல? அவரத் தாள்லயே எனக்கு ஒரு தடவ சிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. அது போதும்."

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக் கதவில் இருந்த கண்ணாடியைக் கழற்றி, வேலை மேஜையில் என் வீட்டுக்காரர் எதிரில் நிறுத்தினேன். கொடியில் காய்ந்த பிரதியை அதில் காட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு பேராசிரியர் படத்தின் பிரதியைக் கொண்டுவந்து கண்ணாடிக்குக் காட்டினார். நேரில் மலர்ந்திருந்த பேராசிரியர் கண்ணாடியில் உம்மென்று ஆனார். இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் போட்ட முகமெல்லாம்?"

"தம்பி தூக்கி நிறுத்தினது."

இதற்கு மேல் மாடிப்படி ஏறுவதுதானே மரியாதை? இவர் ஏறவில்லை. காரணம் தெரிந்துவிட்டதல்லவா, தானே சரிசெய்துவிடுவாராம். முதலில் தகட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இழுத்துப் பார்த்தார். கோடு சரியான பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் கைக்குக் கன்னம் எங்கே உருள்கிறது என்று தெரியவில்லை. தாளில் தம்பி கம்பி வேலிக்குப் பின்னால் நின்றான். அடுத்து இடது கையால் ஊசி பிடித்தார். கோழி கிளறிய இடம் மாதிரி இருந்தது முகவாய். இடது கையைப் பழக்குகிறேன் என்று டீயையும் அதில் பிடித்துச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

நான் தகட்டைப் பிடுங்கினேன். "உங்க கௌரவத்த நிரப்ப அவன் வாழ்க்கையக் கெடுக்காதீங்க. அவ ஒரு தடவ அடிபட்டவ. இந்தத் தேதி போச்சுன்னா அவ இன்னொரு தேதி குடுக்க மாட்டா. மேல போங்க."

போனார். நான் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கீழே நின்றேன்.

"தம்பி."

"ம்."

"நிழல் போட வா."

"நிரப்பவா, போடவா?"

நான் படிக்கட்டுப் பக்கம் இன்னும் நகர்ந்தேன்.

"போட," என்றார். பிறகு எங்கிருந்து வந்ததோ, மளமளவென்று கொட்டிவிட்டார். "நான் போடுறது வெறும் மூக்கும் முழியும்டா. ஆளு உன் கோட்டுலதான் இருக்கான். அது எனக்கே இப்பத்தான் தெரியும். அன்னிக்கு அந்தாள் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னால உன் கல்யாணம் நிக்குதுன்னா எனக்குச் சோறு இறங்கல. போதுமா? இன்னும் சொல்லணுமா?"

"பீச்சாங்கைன்னு சொன்னீங்க."

"அது பீச்சாங்கைதானேடா!"

கட்டில் கிறீச்சிட்டது, தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான் போலிருக்கிறது.

"சரி. நல்ல பீச்சாங்கை."

படியில் இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கும் சத்தம் கேட்டது. நான் அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டேன்.

புதுத் தகடு. அதே பென்சில் படம், அதே உதடு, அதே கண். அண்ணன் கோடு ஒன்றைக்கூட மாற்றவில்லை. தம்பி உட்கார்ந்து தன் முகத்துக்குத் தானே நிழல் போட ஆரம்பித்தான். அடுத்தவன் முகம் என்றால் அவன் கை நேர்மையானது. தன் முகம் என்றதும் கொஞ்சம் சபலம் தட்டியது.

"முகவாய என்னடா பண்ற? உனக்கு அங்க சதை தொங்கும்."

"லேசாத்தான் அண்ணா."

"லேசா இல்ல, தொங்கும். போடு. ஏய், உச்சியில ஏன் இருட்டுற? அங்க வழுக்கை!"

"வெளிச்சம் அந்தப் பக்கம் படல."

"அங்கதான் முதல்ல படும்! அண்ணி கண்ணக் கேளு!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வழுக்கை வழுக்கைதான் என்று தீர்ப்புச் சொன்னேன். மனமில்லாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டான். நான் ஆசிட்டில் போட்டு, அளவு பார்த்து எடுத்து, மை தடவித் துடைத்து, ஈரத்தாளை மூடிச் சக்கரத்தைச் சுற்றினேன். இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். வழக்கமாக அச்செடுக்கும்போது எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்.

தாளின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். சிரித்துக்கொண்டே வந்தான். வழுக்கையோடு, தொங்கும் முகவாயோடு, அந்த அசட்டு வெளிச்சத்தோடு வந்தான். இடது கன்னத்தில் தொடங்கிய என் கண் கோடுகளின் மேல் ஏறி ஏறி வலது புருவத்தில் போய் நின்றது. இறங்கவே இல்லை. என் வீட்டுக்காரர், "நல்லாத்தான்டா இருக்க," என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். மை நெடியாம்.

மை காயும்வரை காத்திருக்க மனமில்லை. அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். கடையைச் சாத்திவிட்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவனைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. பயத்தில் சிரிக்க மறந்துவிட்டான். அவள் தன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்தாள், மறுபடி மாட்டினாள்.

"வழுக்கைய மறைக்கலையே," என்றாள்.

"அண்ணி விடல," என்றான் அவன், துரோகி.

"நல்லது. தேதிய மாத்த வேண்டாம்க்கா," என்றாள் என்னிடம். அப்புறம்தான் அவன் சிரித்தான், படத்தில் இருப்பதைவிடச் சுமாராக. பழைய அழுமூஞ்சிப் படத்தையும் அவளே வைத்துக்கொள்கிறாளாம். கடையில் நீளக் கண்ணாடிக்கு எதிரில் மாட்டினால் வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நிற்பார்களாம். கெட்டிக்காரி.

அவர்கள் மூவரும் மாடிக்குப் போய்ச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பிரஸ்ஸைத் துடைத்தேன். கையைக் கழுவினேன். பிறகு சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, பின்னாலிருந்த படத்தைக் கழற்றினேன். தூசி தட்டினேன். அலமாரிக் கண்ணாடி இன்னும் வேலை மேஜையில்தான் இருந்தது.

படத்தைக் கண்ணாடிக்குக் காட்டினேன்.

முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தினமும் தலை வாரும்போது நான் பார்க்கிற அதே முகம், மச்சம்கூட அங்கே தெரிகிற பக்கத்திலேயே. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒவ்வொரு கோடும் மேலே ஏறியது. கண்ணோரத்தில் குறும்பு. எதிரில் இருக்கிறவரைக் கொஞ்ச நேரத்தில் கேலி செய்யப் போகிறவள். அவளைப் போட்டவர் ஒரு கோட்டைக்கூடச் சும்மா போடவில்லை. கழுத்து மடிப்பில், காதோர முடியில் எல்லாம் ஆசை ஆசையாகப் போட்டிருந்தார். நான் பார்த்ததைத்தான் போட்டேன் என்றாரே, அது சத்தியமான வார்த்தை. அதை வைத்துக்கொண்டு அவரை எத்தனை தடவை குத்தியிருக்கிறேன். நின்ற இடத்திலேயே அழுதேன்.

இவர் ஏதோ எடுக்கக் கீழே வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். நான் அழுவதையும் கையில் இருந்ததையும் பார்த்துப் பதறினார்.

"அத ஏன் எடுத்த? குடு, தகடு எங்கயாவது இருக்கும். தம்பிகிட்டச் சொல்லிக் கோட்டத் திருப்பிப் போடச் சொல்றேன்."

"யாராவது தொட்டீங்க, கைய ஒடிப்பேன்."

"எந்தக் கைய?"

"ரெண்டையும். போய் ஒரு ஆணியும் சுத்தியும் எடுத்துட்டு வாங்க. படுக்கையறைக் கண்ணாடிக்கு எதிர்ல இத மாட்டணும்."

"எதுக்கு? திரும்பத் திரும்ப என்னைத் திட்டவா?"

"இல்ல," என்றேன். "நீங்க அன்னிக்குப் பாத்தவள நானும் தினம் பாக்கணும்."